ஆறு பூஜ்ஜிய நைலான்

உங்கள் தாடையில் இருக்கும் தையலை யாரோ அவசரத்தில் போட்டிருக்கிறார்கள். நீங்கள் வந்து உட்கார்ந்ததுமே கவனித்தேன். நூல் தடிமன். பிரிப்பதற்கும் தாமதம் செய்திருக்கிறார்கள். அதனால்தான் கோட்டின் இரண்டு பக்கமும் ஏணிப்படி போலத் தடம் விழுந்திருக்கிறது. குறை சொல்வதாக நினைக்காதீர்கள். ஆயுளில் பாதியை அறுவை அரங்கில் கழித்தவனுக்கு ஒரு முகத்தில் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

என் மருமகளைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் நூலைப் பற்றிக் கொஞ்சம் தெரியாமல் அதைப் புரிந்துகொள்வது கஷ்டம்.

நூலுக்கு எண் உண்டு. பூஜ்ஜியங்கள் கூடக் கூட நூல் மெலியும். வயிற்றை மூடக் கனமான நூல் வேண்டும். முகத்துக்கு ஆறு பூஜ்ஜிய நைலான். தலைமுடி மாதிரி இருக்கும். ரத்தக் குழாயைக் கட்டுவதற்குப் பட்டு நூல். அதன் முடிச்சு நழுவாது. தோலுக்கு அடியில் போடத் தானாகக் கரைந்துபோகும் நூல். ஊசியும் அப்படித்தான். குடலுக்கு உருண்டை ஊசி, தோலுக்கு விளிம்பு கூரான ஊசி. மாற்றி எடுத்தால் தைக்கிற இடமே கிழிந்துவிடும். பழகிய கை யோசிப்பதில்லை. காயத்தைப் பார்த்ததும் அது உரிய நூல் உறைக்குத் தானாகப் போகும்.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டின் கீழறையை ஆலோசனை அறையாக வைத்துக்கொண்டேன். ஒரு கட்டில், கழுத்தை வளைக்கக்கூடிய விளக்கு, எஃகுத் தட்டு, கண்ணாடி அலமாரி. நோயாளிகள் அதிகம் வருவதில்லை. மாடியில் மகனும் மருமகளும் இருந்தார்கள்.

முதலில் அவளுடைய உதடு. மகன் வீசிய கண்ணாடி டம்ளர். தோலும் உதட்டுச் சிவப்பும் சேரும் இடத்தில் ஒரு ஓரக்கோடு இருக்கிறது. அது இம்மி பிசகினாலும் முகம் கடைசிவரை கோணலாகத் தெரியும். முதல் தையலை அந்தக் கோட்டில்தான் போட வேண்டும். அப்படித்தான் போட்டேன். அவளை மேலே அனுப்பிவிட்டு மகனைக் கூப்பிட்டுக் கண்டித்தேன். “கோபம் வந்தா கண்ணாடியைத் தொடாதே. ஓரம் பிசிறு பிசிறா போகும், ஒழுங்கா சேராது” என்றேன். தலையாட்டினான். என் பேச்சைத் தட்டாத பிள்ளை.

என் மனைவிக்கும் ஒரு முறை இடது புருவத்தில் போட்டிருக்கிறேன். அவள் இறக்கும்வரை அதை ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. அந்தப் புருவம் பிளந்தது என் மோதிரம் பட்டு. அதற்குப் பிறகு நான் மோதிரம் போடுவதை விட்டுவிட்டேன். தவறு என்று தெரிந்தால் திருத்திக்கொள்பவன் நான்.

உதட்டுக்குப் பிறகு தலை, கதவின் விளிம்பு. பிறகு காதின் பின்புறம். பிறகு தோள்பட்டை. அங்கே பெல்ட்டின் கொக்கி ஒரு துண்டுத் தோலை அப்படியே பெயர்த்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் உரியதை எடுத்தேன். போகப்போக வெளித்தையலைக் குறைத்து, கரையும் நூலால் உள்ளுக்குள்ளேயே மூட ஆரம்பித்தேன். அதில் பிரிக்க எதுவும் இல்லை. வேறு யாரிடமும் போய்க் காட்டவும் வேண்டியதில்லை.

எங்கள் மருத்துவமனையிலேயே எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்தவள் அவள். வாய்த்துடுக்கு உண்டு. தோளைத் தைத்துக்கொண்டிருந்தபோது சுவரைப் பார்த்தபடி சொன்னாள்:

“உங்க பையன் கிழிக்கிறாரு, நீங்க தைக்கிறீங்க. குடும்பத் தொழில் ஓஹோன்னு நடக்குது, மாமா.”

“பேசாம இரும்மா. தோள் அசையுது.”

“கடைக்கு ஒரு போர்டு வச்சிடலாமே. கிழிஞ்சது உடனடியாகத் தைத்துத் தரப்படும்னு.”

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

ஒரு நாள் உங்கள் காவல் நிலையத்துக்கே வந்தாளாம். அங்கிருந்த பெண் காவலர் உதட்டைப் பார்த்தார், காதைப் பார்த்தார், சட்டையை விலக்கித் தோளையும் பார்த்திருக்கிறார். “ஒண்ணுமே தெரியலையேம்மா. வீட்டுக்குப் போய் அனுசரிச்சு இரு” என்று அனுப்பிவிட்டார். இதை அவளே என் வாசலில் நின்று சொன்னாள். மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. இவ்வளவு வெளிச்சத்தில், இவ்வளவு கிட்டத்தில் பார்த்தும் தெரியவில்லை.

அதன் பிறகுதான் முன்கை. உட்புறம், மணிக்கட்டுக்கு மேலிருந்து முழங்கை மடிப்புவரை. கத்தி. சதை தெரிந்தது. ஆனால் ஓரங்கள் நேராக, சுத்தமாக இருந்தன. நான் அன்று சொன்னதை மகன் மறக்கவில்லை. நீளமான காயம் என்பதால் மேலேயும் நைலான் போட்டேன். என் வாழ்நாளிலேயே அழகான தையல்களில் அதுவும் ஒன்று.

கட்டு மாற்றக் கூப்பிட்டேன். வரவில்லை. நானே மாடிக்குப் போய்க் கட்டை அவிழ்த்தேன். நகம் வெட்டும் கத்தரியால் ஒவ்வொரு தையலாக வெட்டி எடுத்திருந்தாள். உள்ளே போட்டிருந்ததையும் நோண்டி எடுத்திருந்தாள். காயம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

“ஏம்மா இப்படிப் பண்ணின?”

“இது ஆறக் கூடாது மாமா. அசிங்கமா ஆறணும்.”

“ஆயுசுக்கும் தழும்பு நிக்கும்.”

“நிக்கட்டும். நீங்க இருக்கிறவரைக்கும் எனக்கு ஒண்ணுமே நடக்கலைன்னு ஆயிடுது. இது ஒண்ணாவது நடந்ததா இருக்கட்டும்.”

நான் கீழே வந்தேன். மகன் அவளை அடித்ததெல்லாம் ஆத்திரத்தில். இவள் செய்தது அப்படியல்ல. நிதானமாக, ஒவ்வொரு முடிச்சாக. அவளுக்காக நான் எடுத்துக்கொண்ட சிரமத்தில் கொஞ்சம்கூட அவள் கண்ணில் படவில்லையா என்று யோசித்தேன்.

தழும்பு அவள் கேட்டபடியே வந்தது. விரல் அகலம், சிவப்பாக, புடைத்துக்கொண்டு. அரைக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு நடமாடினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காப்பியை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: “நாளைக்கு அக்கா வர்றா மாமா. வக்கீலையும் கூட்டிட்டு வர்றா. கையைக் காட்டப் போறேன்.”

மிரட்டலாகச் சொல்லவில்லை. தெரிவித்தாள், அவ்வளவுதான்.

கெட்ட தழும்பைச் சரிசெய்ய ஒரு முறை இருக்கிறது. தழும்பை மட்டும் படகு வடிவில் வெட்டி எடுத்துவிட்டு, ஆரோக்கியமான தோலை மறுபடி சேர்த்து மெல்லிய நூலால் தைப்பது. மறுநாளே மறையாதுதான். ஆனால் புதுத் தையலை மருத்துவரான மாமனார் செய்த சிகிச்சை என்று சொல்லலாம். பழைய தழும்பைக் காட்ட முடியாது. அது தட்டில் கிடக்கும்.

மகனிடம் சொன்னேன். அவளைக் கீழே கூட்டிவந்தான். கூட்டிவந்தான் என்பது சரியான சொல் இல்லை, நீங்களும் படிக்கட்டில் இழுத்த தடத்தைப் பார்த்திருப்பீர்கள். கட்டிலில் கிடத்தித் தோள்களைப் பிடித்துக்கொண்டான். முழங்காலால் அவள் வயிற்றையும் அழுத்திக்கொண்டான். நான் மரப்பு ஊசி போட்டேன். நான் மிருகம் இல்லை. அவள் கையை உதறியதில் மருந்தில் பாதி வெளியே போயிற்று. மறுபடி போட்டு, மரத்துப்போகும்வரை காத்திருந்திருக்க வேண்டும். அவள் கத்திய கத்தலில் காத்திருக்க முடியவில்லை. மகன் தலையணையை எடுத்தான்.

மணிக்கட்டிலிருந்து தொடங்கி, வெட்ட வெட்டத் தைத்துக்கொண்டே வந்தேன். முக்கால்வாசி நன்றாகவே வந்தது. முழங்கை மடிப்பில் தமனி ஆழமில்லாமல் ஓடும். அங்கே வரும்போது அவள் அசைந்தாள்.

ரத்தம் விளக்கின் மேல் பட்டு அறையே சிவப்பாயிற்று. மகன் பிடியை விட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். “அப்பா, ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன்ப்பா” என்றான். அழுதுகொண்டிருந்தான். தொலைபேசியைக் கையில் எடுத்தும் விட்டான்.

“வை அதை” என்றேன்.

அவனை விட்டுவிடுங்கள் என்று கேட்கவில்லை. ஆனால் கூப்பிட நினைத்தவன் அவன். வேண்டாம் என்றவன் நான்.

அவள் முகத்திலிருந்து தலையணை விழுந்திருந்தது. “கட்டுங்க மாமா” என்றாள். மருத்துவமனையில் இருந்தவள், என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். தட்டில் பட்டு நூல் இருந்தது. இரண்டு முடிச்சு. எனக்கு மூச்சு விடுகிற நேரம்கூட ஆகாது. கட்டியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். திங்கட்கிழமையும் வந்திருக்கும்.

என் கை ஆறு பூஜ்ஜிய நைலானை எடுத்தது.

பிரேதப் பரிசோதனை செய்தவர் கெட்டிக்காரர். மடிப்பை ஒட்டிய தையல்களில் ரத்தக் கசிவு இல்லை, அவை உயிர் போன பிறகு போடப்பட்டவை என்று எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். உண்மை. அவள் ஓய்ந்த பிறகுதான் ஒழுங்காகத் தைக்க முடிந்தது. மணிக்கட்டிலிருந்து மடிப்புவரை விரலால் தடவிப் பார்த்தேன், ஒரு மேடு பள்ளம் இல்லை. உயிரோடு இருந்திருந்தால் ஒரு வருடத்தில் அவளுக்கே இடம் தெரிந்திருக்காது.

கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

உங்கள் தாடையையும் சரிசெய்யலாம், கஷ்டமே இல்லை. பழையதை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும். நீங்கள் அசையாமல் இருந்தால் போதும்.