கடைசி பெஞ்ச் இல்லாத வண்டி

— எழுதினாயா? “மார்ச் ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. பிறந்து இரண்டு மாதம்கூட நிறையாத இரட்டைக் குழந்தைகள், முதன்முறையாக வெளிக்காற்றைச் சுவாசிக்கப் புறப்பட்டு, மூன்றாம் மாடியிலேயே மின்தூக்கியின் வாசலில் மாட்டிக்கொண்டு கிடக்கின்றனர்.” முற்றுப்புள்ளி.

— போன்ல அடிச்சிட்டேன்ப்பா. மேல சொல்லுங்க.

— மாமா, கொஞ்சம் அந்தப் பக்கம் நகருங்க. ஒரு நிமிஷம். இடது சக்கரத்தை லேசா சாய்ச்சா வண்டி உள்ள போயிரும்.

— மாப்பிள்ளை, உங்களுடைய அந்த ஒரு நிமிஷம் பிறந்து, வளர்ந்து, பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு வந்துவிட்டது. சாய்த்தால் போகும், தூக்கினால் போகும், மூச்சைப் பிடித்தால் போகும் என்று மூன்று வித்தையும் காட்டிவிட்டீர்கள். வாசல் சிறியது, வண்டி பெரியது. இதைக் கண்டுபிடிக்க எனக்குக் கண்ணாடிகூடத் தேவைப்படவில்லை.

— ஏங்க, சாய்க்காதீங்க. தூங்குமூஞ்சி ஒரு பக்கமா சரியுறான் பாருங்க.

— பேரப்பிள்ளைக்கு வைக்கிற பெயரா இது?

— அவன் எப்பவும் தூங்கிட்டேதானே இருக்கான் மாமா. பெரியவனுக்கு ஹெட்மாஸ்டர்னு வச்சிருக்கோம். எந்நேரமும் புருவத்தைச் சுளிச்சுக்கிட்டு இருப்பான். எதைக் காட்டினாலும் பிடிக்காது.

— யாரை மனத்தில் வைத்துச் சூட்டிய பெயர் என்று நான் கேட்கப் போவதில்லை. எழுதம்மா. “இந்தக் குடியிருப்பைக் கட்டியவர், குழந்தைகள் ஒவ்வொன்றாகத்தான் பிறக்கும் என்று நினைத்திருந்தார் போலும். அல்லது, பிறந்த குழந்தை வீட்டுக்குள்ளேயே கிடந்து கிழமாகட்டும் என்று விட்டுவிட்டார் போலும்.”

— ரெண்டு ‘போலும்’ வருதேப்பா. உங்க வகுப்புல நாங்க எழுதியிருந்தா விடுவீங்களா?

— கோபத்தில் இரண்டு வரலாம். மூன்றுதான் கூடாது.

— சரி. லெட்டர் யாருக்கு? மேல பேரே போடலையே.

— கட்டியவனோ, குடியிருப்போர் சங்கத்துச் செயலாளரோ, மின்தூக்கி பொருத்தியவனோ. பொறுப்பு யாருடையது என்று விசாரித்துப் பிறகு போட்டுக்கொள். இப்போதைக்கு ‘ஐயா’ என்று மட்டும் விட்டு வை.

— கீழ யாரோ லிஃப்ட்டைத் தட்டுறாங்க. ஏங்க, வண்டியை வெளிய இழுத்திருங்க. கதவு மோதி மோதி ரெண்டு பேரும் முழிச்சிரப் போறாங்க.

— இழுக்கத்தான் பாக்குறேன். கைப்பிடி மாட்டிக்கிச்சு. ஒரு நிமிஷம்.

— மறுபடியும் ஒரு நிமிஷம். மாப்பிள்ளை, காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, ஊரார் வீட்டுக்கு நாளை என்ன ஆபத்து வரும் என்று இன்றைக்கே சொல்கிறீர்கள். உங்கள் வீட்டு வாசலின் அகலம் மட்டும் உங்களுக்குத் தெரியவில்லை.

— அப்பா, போதும்.

— என்ன போதும்? தோளில் ஒரு பை, முதுகில் ஒரு பை, கழுத்தில் பால் புட்டி. படையெடுப்புக்குக் கிளம்புகிறவர்போல எல்லாவற்றையும் எடுத்து வைத்தவர், வண்டி வாங்கும் முன் ஒரு நாடாவை எடுத்து அளந்திருக்கக் கூடாதா? நான் கேட்பது அவ்வளவுதான்.

— மாமா, அது வந்து...

— நீங்க சும்மா இருங்க. வண்டியைப் பாருங்க, இதை நான் பாத்துக்கிறேன். அப்பா, இப்பச் சொன்னதை அப்படியே லெட்டருக்குச் சொல்லுங்க. அந்த அளக்கிற விஷயம்.

— சொல்கிறேன், எழுது. “வாசலை அளந்து பாராமலும், அதில் நுழையப் போகிறவரை ஒரு வார்த்தை கேளாமலும், தம் மனம்போன போக்கில் முடிவெடுத்தவரின் அறியாமையை என்னவென்பது? அறியாமை குற்றமன்று. அறியாமையை அதிகாரக் குரலில் உரைப்பதே குற்றம்.”

— ரொம்ப நல்லா இருக்குப்பா.

— நான் பாராட்டுக் கேட்கவில்லை.

— பாராட்டு இல்ல. ஒரு எழுத்துகூட மாத்தாம வச்சுக்கப் போறேன்னு சொல்றேன்.

— வந்திருச்சு. வண்டி வெளிய வந்திருச்சு.

— ஆக, நல்லபடியாகப் பின்வாங்கியாயிற்று. வீட்டுக்குள் போவோம். வெளியே அப்படி என்ன வாழ்கிறது? புழுதி, ஹாரன், கண்டவர்களும் கன்னத்தைக் கிள்ள வருவார்கள். ஒரு மாதம் போகட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

— ஒரு மாசத்துல வாசல் அகலமாயிடுமா?

— குதர்க்கம் பேசாதே.

— ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னிக்குச் சாத்தின கதவுப்பா இது. ஒருத்தன் தூங்கினா ஒருத்தன் அழறான். நான் ஜன்னல்ல நின்னு எதிர்ல இருக்கிற பூங்காவையே பாத்துக்கிட்டு இருக்கேன். அங்க ஒரு பெஞ்சு கிடக்கு. தினமும் யாரோ ஒருத்தி வந்து சும்மா உக்காந்துட்டுப் போறா. அந்தச் சும்மாவைப் பாத்து எனக்கு வயிறு எரியுது. இவருக்கு லீவு இன்னியோட முடிஞ்சுது. நாளைலேர்ந்து நான் ஒருத்தி. ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு நான் தனியா கீழ இறங்க முடியுமான்னு பாக்கத்தான் இன்னிக்கு இந்தப் பாடு.

— முடியுமா?

— வண்டியை மடக்கினா லிஃப்ட்டுல நுழையும். மடக்க ரெண்டு கை வேணும். அந்த நேரம் இவங்க ரெண்டு பேரையும் யார் வச்சுக்கிறது? தரையிலயா போடுறது? இப்ப மூணு பேர் இருக்கோம், சமாளிச்சிரலாம். நாளைக்கு? இன்னும் ஒரு ஜோடிக் கை இருந்தா போதும்ப்பா. நீங்க இருக்கிறது நாலு ஸ்டாப்பிங் தள்ளி.

— காலையில் எனக்கு நூலகத்தில் வேலை இருக்கிறது.

— அங்க வர்ற நியூஸ்பேப்பர்ல தப்புக்குச் சிவப்புப் பேனாவால வட்டம் போடுற வேலைதானே.

— அதையும் ஒருவன் செய்யத்தான் வேண்டும். இங்கே பேச்சு என்னைப் பற்றியதன்று. மாப்பிள்ளையின் தவற்றுக்கு நீ வீட்டுச் சிறை இருக்கிறாய், அதுதான் பேச்சு. கடையில் வேறு வகை வண்டியே இல்லையா?

— இருந்துச்சு. ஒருத்தன் முன்னாடி, ஒருத்தன் பின்னாடி உக்கார்ற வண்டி. ஒடுக்கமா, நீளமா. லிஃப்ட்டுல வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கிட்டுப் போகும்.

— பிறகு அதை ஏன் வாங்கவில்லை?

— வாங்கினோம். வீட்டுக்கே வந்திருச்சு. திருப்பி அனுப்பினோம்.

— எந்தப் புத்திசாலியின் யோசனை அது?

— நிஜமாவே ஞாபகம் இல்லையாப்பா? போன்ல சொன்னீங்க. “பின்னால் இருப்பவன் முன்னால் இருப்பவனின் முதுகைப் பார்த்தே வளர்வான். கடைசி பெஞ்ச் என்னும் அநியாயத்தை ஆயுள் முழுக்கக் கண்டவன் நான். என் பேரப்பிள்ளைகளுக்குத் தொட்டில் வயதிலேயே அது வேண்டாம். இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் அமர வேண்டும்.” ஸ்பீக்கர்ல வீடே அதிர்ந்துச்சு.

— கொள்கை சரியானதுதானே?

— கொள்கை சரி. அகலம்தான் சரியில்லை. அதையும் சொன்னேன். வயித்தைத் தள்ளிக்கிட்டு, இதே இடத்துல நின்னு, நாடா பிடிச்சு அளந்தவ நான்தான். வாசலைவிட வண்டி நாலு விரக்கடை பெரிசுப்பான்னு சொன்னேன். “நீ கணக்கில் எப்போதுமே அவசரக்காரி, மறுபடி அள”ன்னீங்க. மறுபடி அளந்தேன். அதே நாலு விரக்கடை. “கட்டடம் கட்டுகிறவர்கள் மடையர்கள் அல்லர்”னு சொல்லிட்டு போனை வச்சிட்டீங்க.

— மாப்பிள்ளை, நீங்களாவது எடுத்துச் சொல்லியிருக்கலாமே.

— ஆரம்பிச்சேன் மாமா. ‘லிஃப்ட்டு’ன்னதும், அதுக்குத் தமிழ்ல என்னன்னு கேட்டீங்க. அப்புறம் பேச்சு அந்தப் பக்கமே போயிருச்சு.

— அதற்காக இத்தனை நேரம் நான் உங்களைத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டா நின்றீர்கள்?

— பழகிருச்சு மாமா.

— ஹெட்மாஸ்டர் அழ ஆரம்பிச்சிட்டான். ஏங்க, நான் தூங்குமூஞ்சியை எடுத்துக்கிறேன், நீங்க வண்டியை மடக்குங்க. அப்பா, கையை நீட்டுங்க.

— யார், நானா?

— இங்க வேற யார் இருக்கா?

— தலை நிற்காத குழந்தையை நான் தூக்குவதில்லை. உன்னையே தலை நின்ற பிறகுதான் தூக்கினேன். அதுவரை உன் அம்மாதான்...

— அம்மாவுக்கு நான் ஒருத்திதான். எனக்கு ரெண்டு பேர். நீட்டுங்க. ஒரு கை கழுத்துக்கு அடியில, ஒரு கை இடுப்புக்கு அடியில. விடைத்தாள் கட்டு மாதிரி தள்ளிப் பிடிக்காதீங்க. நெஞ்சோட சேத்துக்கோங்க.

— வழுக்குகிறான்.

— அவன் வழுக்கலை. நீங்கதான் பாதிக் கையால பிடிச்சிருக்கீங்க.

— கை தவறினால் விழுந்துவிட மாட்டானா?

— எனக்கும் முதல் நாள் இதே பயம்தான் மாமா. ரெண்டாவது நாளும் இதே பயம்தான். ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்காங்க.

— அழுகையை நிறுத்திவிட்டான். என்னையே முறைக்கிறான்.

— கண்ணாடி பாக்குற மாதிரி இருக்கும் அவனுக்கு.

— மாப்பிள்ளை, நீங்கள் வண்டியை மடக்குங்கள்.

— மடக்கியாச்சு. உள்ள வாங்க, கதவைப் பிடிச்சுக்கிறேன்.

— மெதுவாப்பா. கீழ வந்தாச்சு, வாசல்ல ஒரு படி இருக்கு, பாத்து வாங்க. ஏங்க, வண்டியை விரிங்க. தூங்குமூஞ்சியைப் படுக்க வச்சிட்டேன். அவனையும் குடுங்கப்பா.

— இருக்கட்டும். பெஞ்சு வரைக்கும் நானே கொண்டு வருகிறேன். இப்போது இறக்கினால் மறுபடி அழுவான்.

— சாலையைக் கடக்கணும்.

— சாலையைக் கடக்க எனக்குத் தெரியும். மாப்பிள்ளை, அந்தக் கார்காரனுக்குக் கையைக் காட்டுங்கள். குழந்தை வருவது கண்ணில் படவில்லையா அவனுக்கு? மூடன்.

— நின்னுட்டான் மாமா, வாங்க. இந்தப் பெஞ்சுதான். உக்காருங்க.

— முகத்தில் வெயில் படுகிறது. துணியை இழுத்து விடு.

— படட்டும்ப்பா. அதுக்குத்தானே வந்தோம்.

— தும்முகிறான்.

— வெளிச்சத்துக்குத் தும்முவான். ஒண்ணும் ஆகாது.

— மறுபடியும் தும்முகிறான். இதோ, கண்ணைத் திறந்துவிட்டான். மரத்தைப் பார்க்கிறான். இலை அசைகிறதல்லவா, அதைப் பார்க்கிறான். புருவத்தைச் சுளிக்கவில்லை, கவனித்தீர்களா?

— அவனுக்கும் பிடிச்ச மாதிரி ஒண்ணு இருக்கு போல.

— சின்னவன் என்ன செய்கிறான்?

— எழுந்திருக்கவே இல்லை மாமா. இந்த உலகத்து மேல அவனுக்கு அவ்வளவுதான் மரியாதை.

— நியாயம்தான். சரி, அம்மா, கடிதத்தை முடித்துவிடுவோம். கோரிக்கை இன்னும் எழுதவில்லை. கோரிக்கை இல்லாத கடிதம் வெறும் புலம்பல்.

— எழுதி முடிச்சிட்டேன்ப்பா. நீங்க தும்மலை வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்தப்பவே பேரும் போட்டு அனுப்பிட்டேன்.

— யாருக்கு? செயலாளருக்கா?

— பொறுப்பு யாரோடதுன்னு விசாரிச்சுப் போடச் சொன்னீங்கல்ல. விசாரிச்சேன். உங்க சட்டைப் பையில இப்ப ஒரு மணி அடிச்சுதே, காதுல விழலையா?

— என் கையில் பிள்ளை இருக்கிறான். எடுத்துப் படிக்க முடியாது.

— எடுக்க வேணாம், நானே படிக்கிறேன். “வாசலை அளந்து பாராமலும், அதில் நுழையப் போகிறவரை ஒரு வார்த்தை கேளாமலும்...”

— அதெல்லாம் நான் சொன்னதுதான். கோரிக்கையைப் படி.

— “ஆகவே, ஐயா, இதைப் படிக்கும் தாங்கள் நாளைக் காலையில் சிவப்புப் பேனாவை வீட்டிலேயே வைத்துவிட்டு, பேருந்தேறி மூன்றாம் மாடிக்கு வந்து, இரண்டு கைகளையும் நீட்ட வேண்டும், நாளை மட்டுமன்று, அந்த வாசல் அகலமாகும்வரை, நாள்தோறும்.”