வேண்டாம் வேண்டாம் என்று வாங்கிய கேரவன்

காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் வீடு, அதான் கேரவன், வாங்கும் யோசனை இருந்தால் முதலில் படுக்கையைப் பாருங்கள். விற்பவர்கள் அடுப்பைக் காட்டி மயக்குவார்கள், குளியலறைக் குழாயைத் திருகித் திருகிக் காட்டுவார்கள். அதையெல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளலாம். படுக்கை எந்த ஜன்னலை ஒட்டி இருக்கிறது என்பதுதான் முக்கியம். என்னுடையது பின்பக்கம், இரட்டைக் கண்ணாடி ஜன்னலை ஒட்டி இருக்கிறது. இதை எழுதும்போது அந்த ஜன்னலுக்கு வெளியே டாஸ்மேனியாவின் பனி விழுந்துகொண்டிருக்கிறது. உள்ளே நான் மெல்லிய சட்டையோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறேன்.

என் கணவன் டெஸ்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். போலீஸ் சார்ஜென்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அவர் எழுதிக்கொள்ளவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

டெஸ் எங்கள் ஜீலாங் ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். அந்தப் பயிற்சிக் காரில் அவன் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டான் என்றுதான் நினைக்கிறேன். நான் எதைச் சொன்னாலும் அதற்கு நேர் எதிராகச் செய்வான். கல்யாணமான புதிதில் கடற்கரைக்குப் போனோம். "எனக்கு ஐஸ்கிரீம் வேண்டாம், நீ சாப்பிடு" என்றேன். இரண்டு வாங்கி வந்தான். என் பேச்சுக்கு மதிப்பே இல்லை என்று அன்றைக்கு அழுதேன். அவன் சண்டை போடமாட்டான், குரலும் உயராது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "அதையும் பார்த்துடுவோம், ரே" என்பான். என் பெயர் ரேலீன்.

அழுது அலுத்த பிறகு புத்தி வந்தது. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும். வேண்டியதையெல்லாம் வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தேன். அது எனக்கு ஒன்றும் புதிதல்ல. நாங்கள் ஏழு பிள்ளைகள் பிறந்த வீடு; ஒன்றின்மேல் ஆசை என்று வாய்விட்டுச் சொன்னால் அது அடுத்தவன் தட்டுக்குப் போய்விடும். நாய் வேண்டாம் என்றேன், நாய் வந்தது. கடல் தெரிகிற வீடு வேண்டாம் என்றேன், அதுவும் வந்தது. நாற்பத்தாறு வருடம் என் இஷ்டப்படிதான் வாழ்ந்தேன். அந்த மனிதனுக்கு அது தெரியவே தெரியாது.

ஆனால் ஓர் ஆசை மட்டும் மிச்சம் இருந்தது. தனியாகத் தூங்க வேண்டும். சிரிக்காதீர்கள். பிறந்த வீட்டில் ஒரு கட்டிலில் மூன்று பேர். அங்கிருந்து நேராக டெஸ்ஸின் கட்டிலுக்கு வந்தேன். எழுபது நெருங்கும்வரை ஓர் அறையில் நான் மட்டும் என்று ஒரு பொழுது விடிந்ததில்லை. வெளியே பனி விழ வேண்டும், உள்ளே கதகதப்பாக இருக்க வேண்டும், கட்டிலில் நான் ஒருத்தி மட்டும் இருக்க வேண்டும். அதற்காக அவ்வளவு ஏங்கினேன்.

டெஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கேரவன் வாங்கலாம் என்றான். எல்லாரையும்போல வடக்கே போய் வெயில் காயத் திட்டம். எங்கள் ஆஸ்திரேலியாவில் வடக்கே போனால் வேர்வை, நடுவில் செம்மண் புழுதி, தெற்கே கடலைத் தாண்டினால் பனி. மூன்றுக்கும் ஒரே வண்டி என்றால் யோசித்துத்தான் வாங்க வேண்டும். காட்சிக்கூடத்தில் பேருந்து நீளத்துக்கு ஒன்று நின்றது.

"இதையே வாங்கிடலாம் டெஸ். ஊரே திரும்பிப் பாக்கும்."

"நான் அதை ரிவர்ஸ் எடுக்கறப்போ ஊரே பாக்கும்தான்," என்று சொல்லிவிட்டு வரிசையிலேயே சின்னதாக இருந்ததைக் காட்டினான். ஒற்றை ஆள் கொக்கி மாட்டி இழுத்துப் போகக்கூடிய அளவு. அந்த வரிசைக்கு வந்தவுடனேயே நான் மனதில் குறித்து வைத்திருந்தது அதைத்தான்.

பிறகு கோஸ்டாவின் பட்டறைக்குப் போனோம். கிரேக்கக்காரர். துறைமுகத்துக்குப் பக்கத்தில் கேரவன்களை அவரவர் வசதிக்கு மாற்றிக் கொடுப்பவர். டெஸ் முதலில் தனியாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ பேசினான். வெளியே வந்தபோது கோஸ்டாவின் மீசை சிரிப்பில் துடித்துக்கொண்டிருந்தது.

"சொல்லுங்கம்மா, எங்கெல்லாம் போறதா உத்தேசம்?"

"வடக்கேதான். அதனால ஹீட்டர் கீட்டர்லாம் வேணாம்."

கோஸ்டா டெஸ்ஸைப் பார்த்தார்.

"டீசல் ஹீட்டர் போடு. நல்லதாப் போடு," என்றான் டெஸ்.

"வெயிலுக்குப் போறவங்களுக்கு எதுக்கு டெஸ் ஹீட்டர்?"

"அதையும் பார்த்துடுவோம், ரே."

"படுக்கை பக்கத்துல ஜன்னல் வச்சுடாதீங்க. காத்து முதுகைப் பிடிச்சுக்கும். ரெட்டைக் கண்ணாடியெல்லாம் சுத்த வீண்."

"ஜன்னல் பெருசா இருக்கட்டும். ரெட்டைக் கண்ணாடி," என்றான் டெஸ்.

கோஸ்டா சுவர்ப்பக்கம் திரும்பி இருமினார். டெஸ்ஸைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. என்ன இருந்தாலும் என் கணவன்.

அப்படியே மற்றதும் நடந்தது. தரைக்கு அடியில் குளிர் ஏறாமல் தடுப்பு வேண்டாம் என்றேன். தண்ணீர்க் குழாய் உறையாமல் இருக்கப் போர்வை வேண்டாம் என்றேன். கூரையில் சூடு வெளியேற விசிறி வேண்டாம், கதவு இடுக்கில் புழுதி அடைக்கும் ரப்பர் வேண்டாம், கொசுவலை வேண்டவே வேண்டாம். எல்லாம் வந்து பொருந்தின. நீங்களும் இவற்றில் ஒன்றைக்கூட விட்டுவிடாதீர்கள். ரப்பரை முக்கியமாகப் பாருங்கள், இல்லாவிட்டால் செம்மண் சர்க்கரை டப்பாவுக்குள்ளேயே வந்துவிடும். வேலை முடிந்து பார்த்தால் ஒரு பெண் எந்தப் பருவத்திலும் தனியாகச் சௌகரியமாக வாழக்கூடிய வீடு தயாராக இருந்தது. அதில் நான் வேண்டாம் என்று சொல்லாமல் வந்து சேர்ந்தது டெஸ் மட்டும்தான்.

வடக்கே போனோம். பல்லிடுக்கில் விசில் அடித்துக்கொண்டே ஓட்டினான். படுத்தால் கட்டிலில் முக்கால்வாசி அவனுக்கு. எனக்குத் தெரிந்த வழியை இதிலும் முயன்று பார்த்தேன். தினமும் படுக்கும்போது, "என்னைத் தனியா விட்டுட்டு எங்கயும் போயிடாதே டெஸ்" என்பேன். எல்லாவற்றுக்கும் தலைகீழாக நடக்கிறவன் இதற்கு மட்டும் காது கேட்காதவன்போலத் திரும்பிப் படுத்துக்கொள்வான். ஒரு நாள் மட்டும், "அவ்வளவு கஷ்டமாவா இருக்கு, ரே?" என்றான். என்ன அர்த்தத்தில் கேட்டான் என்று யோசிப்பதற்குள் குறட்டை வந்துவிட்டது.

மழைக்காலம் தொடங்குமுன் தெற்கே திரும்பியிருக்க வேண்டும். அந்த வருடம் மழை முந்திக்கொண்டது. வழியில் ஒரு தரைப்பாலத்தின்மேல் ஓடை கரைபுரண்டு ஓடியது; பாலமே தெரியவில்லை. இந்தப் பக்கம் ஏழெட்டு கேரவன்கள் மாட்டிக்கொண்டன. எங்கள் கூட்டத்துக்கு எங்கே மாட்டிக்கொண்டாலும் ஒன்றுதான். அவரவர் நாற்காலி, அவரவர் பீர், ஒரு தட்டில் பாலாடைக்கட்டி என்று தண்ணீரைப் பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள். பக்கத்து வண்டி க்ளெனிஸ் என் நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"ரே, உன் ஆள் என்ன தண்ணியையே முறைச்சுப் பாத்துட்டு நிக்கறாரு? எறங்கிடப் போறாரு!"

"அவர் ஊருக்கே கார் ஓட்டக் கத்துக் குடுத்தவராச்சே," என்றார் க்ளெனிஸின் கணவர். "எறங்குவாரா? ரோட்ல தண்ணி ஓடினா வண்டிய விடாதேன்னு எத்தனை பிள்ளைங்க மண்டையில குட்டியிருப்பாரு!"

அது உண்மைதான். டெஸ்ஸின் முதல் பாடமே அதுதான்.

நான் எழுந்து அவன் பக்கத்தில் போய் நின்றேன். ஆழம் காட்டப் பாலத்தோரம் நட்டிருந்த அளவுக் கம்பத்தில் தண்ணீர் என் இடுப்பு உயரத்துக்கு மேலே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த எண்ணம் வந்தது. அடுப்பில் வைத்ததற்கு உப்புப் போட்டோமா என்று நினைவு வருமே, அவ்வளவு சாதாரணமாக வந்தது.

"போகாதே டெஸ்," என்றேன்.

திரும்பி என்னைப் பார்த்தான். அவன் போவதாகச் சொல்லவே இல்லை. "என்ன சொன்னே?"

"போகாதே. உன் கால்ல விழறேன், போகாதே." இந்த முறை நாற்காலிகளுக்கும் கேட்கட்டும் என்று சற்று உரக்கச் சொன்னேன்.

என் முகத்தை உற்றுப் பார்த்தான். "நெஜமாத்தான் சொல்றியா, ரே?"

"நெஜமாத்தான். போகாதே."

"சரி," என்றான். "அதையும் பார்த்துடுவோம்."

பிறகு அவன் செய்ததெல்லாம் எனக்கு இன்றுவரை வேடிக்கைதான். காரை மட்டும் விட்டு ஆழம் பார்க்கிறேன் என்று எல்லாரிடமும் சொன்னான். அதற்குக் கொக்கியைக் கழற்றினால் போதாதா? கேரவனை மேட்டில் நிறுத்தி, நான்கு மூலைக் கால்களையும் இறக்கி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தான். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தான். கெட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்தான். ஹீட்டரை எப்படி மூட்டுவது என்று எனக்கு இன்னொரு முறை காட்டினான், அந்தப் புழுக்கத்தில். கடைசியில் கேரவன் சாவியை என் உள்ளங்கையில் வைத்து மூடினான். அரை மணியில் திரும்பி வருகிறவன் செய்கிற காரியமா இது? மனுஷன் பதறிப் போயிருந்தான் போல.

கார் தண்ணீரில் இறங்கும்போது மறுபடியும் கத்தினேன். க்ளெனிஸ் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பாதி தூரம் வரை ஒழுங்காகப் போனது. பிறகு மிதந்து, பக்கவாட்டில் திரும்பி, ஓடையோடு போய்விட்டது. தண்ணீர் வடிந்தபின் கீழே ஒரு மரத்தில் சிக்கியிருந்த காரோடு அவனைக் கண்டெடுத்தார்கள்.

சார்ஜென்ட் ஹாலரன் இளைஞர், நல்லவர். டீ போட்டுக் கொடுத்தார்.

"நான்தான் கொன்னேன்," என்றேன்.

"எல்லாரும் இப்படித்தாம்மா சொல்வாங்க. நீங்க போகாதேன்னு திரும்பத் திரும்பக் கெஞ்சினதை எட்டுப் பேர் கேட்டிருக்காங்க."

"அதனாலதான் அவன் போனான். நான் போன்னு சொல்லியிருந்தா போயிருக்க மாட்டான். தெரிஞ்சேதான் சொன்னேன்."

"உங்க பேச்சைக் கேட்டிருந்தார்னா இன்னைக்கு உயிரோட இருந்திருப்பாரு."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

அவர் கண் கலங்கி என் கையைத் தட்டிக்கொடுத்து, வெளியே க்ளெனிஸிடம் ஒப்படைத்தார். இதற்குமேல் ஒருத்தி எப்படித்தான் ஒப்புக்கொள்வது?

கேரவனை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்து, சிவப்பாக ஒரு கார் வாங்கினேன். சிவப்பு வேண்டாம் என்று யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடையில் 'இது வேண்டும்' என்று நேராகக் கேட்கச் சிறிது நேரம் வாய் வராமல் நின்றது உண்மை. டாஸ்மேனியாவுக்குக் கப்பல் ஏறுமுன் ஹீட்டரைச் சரிபார்க்கக் கோஸ்டாவிடம் போனேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்படி ஒரு புருஷன் யாருக்கும்மா கெடைக்கும்? முதல் நாளே என்னை உள்ள கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. 'கோஸ்டா, அவ எதை வேணாம்னு சொல்றாளோ அது அவளுக்கு வேணும். எதை ஆகா ஓகோங்கறாளோ அதைத் தொடாதே. அவளுக்கு நேராக் கேக்க வராது, பொறந்த வீட்டுப் பழக்கம். இத்தனை வருஷமா நான் இப்படித்தான் ஓட்டிட்டு இருக்கேன். என்னை ஏமாத்திட்டோம்னு அவளுக்கு ஒரு சந்தோஷம், அது இருந்துட்டுப் போகட்டும். நான் சொன்னேன்னு சொல்லிடாதே' அப்படின்னாரு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியலம்மா அன்னைக்கு."

தலையாட்டிவிட்டு வந்தேன். கோஸ்டா கை சுத்தமான வேலைக்காரர், ஆனால் விதவைகளைக் கண்டால் இப்படி ஏதாவது இனிப்பாகச் சொல்லி வைப்பார் என்று நினைக்கிறேன். நான் நம்பவில்லை. அது உண்மையென்றால் அந்த ஓடைக்கரையில் நான் போகாதே என்றபோது அவன் காதில் விழுந்தது வேறு ஒன்றாக இருந்திருக்க வேண்டும். கெட்டில், ரசமட்டம், சாவி எல்லாவற்றுக்கும் வேறு அர்த்தம் வந்துவிடும். அப்படியெல்லாம் இல்லை. டெஸ் ஒரு பிடிவாதக்காரன், என் பேச்சை ஒரு நாளும் கேட்டதில்லை.

கேரவன் அருமையாக இருக்கிறது. ஹீட்டர் சத்தமில்லாமல் வேலை செய்கிறது, ஜன்னலில் துளி ஈரம் இல்லை. கட்டில் முழுக்க எனக்குத்தான். இருந்தும் ஓரத்திலேயே படுக்கிறேன், பழக்க தோஷம். விளக்கை அணைக்கும்போது அந்தப் பக்கத்தைப் பார்த்து, "வந்துடாதே டெஸ்" என்று தினமும் உரக்கச் சொல்கிறேன். இதில் மட்டும் சொன்னபடி நடந்துகொள்கிறான்.