வட்டத் தகட்டில் ஒரு பொட்டு

டிஸ்க் பிரேக் வாங்க வருகிறவர்கள் முதலில் நிறத்தைத்தான் கேட்பார்கள் சார். சிவப்பு இருக்கிறதா, நீலம் இருக்கிறதா என்று. எங்கே ஓட்டப்போகிறீர்கள், எடை எவ்வளவு என்று நான் திருப்பிக் கேட்டால் ஜாதகம் கேட்டதுபோல் விழிப்பார்கள். கிருபாசங்கர் அப்படியில்லை. "நீங்க எதைச் சொல்றீங்களோ அதையே போட்டுருங்கண்ணா" என்பார். அவரைப் போன்ற வாடிக்கையாளர் கிடைப்பது கஷ்டம்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். வம்சி, மேட்டுப்பாளையம் ரோட்டில் மலைச் சைக்கிள் கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பேர் சைக்கிள்களை ஒரு லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு கோத்தகிரிக்குப் போவோம். அங்கிருந்து மேட்டுப்பாளையம் வரை ஓட்டிக்கொண்டே இறங்குவோம். கூட்டத்தை ஆரம்பித்தவன் நான். இறக்கத்தில் நான்தான் முன்னால் போவேன், யாரும் என்னை முந்தக்கூடாது. எல்லாருடைய பாதுகாப்புக்காகவும் வைத்த விதி அது. பல வருடமாக யாரும் அதை மீறியதில்லை.

கிருபாசங்கர் வந்து இரண்டு வருடம் இருக்கும். பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு மோட்டாருக்குப் பாகம் கடையும் பட்டறை வைத்திருந்தார். வந்த புதிதில் வளைவுக்கு வளைவு இறங்கி நின்றவர்தான். ஒருநாள் அவருடைய பின்சக்கரத்து ஹப் தேய்ந்துபோனது. ஹப் என்றால் சக்கரத்தின் நடுவில் இருக்கும் உருளை சார். மிதிப்பதை நிறுத்தினால் அதற்குள் பல் தட்டித் தட்டிச் சத்தம் வரும், வேகம் கூடக் கூடச் சத்தமும் ஏறும். சில ஹப்களில் அந்தச் சத்தம் இருப்பதே தெரியாது. நான் அவருக்கு இருப்பதிலேயே சத்தமான ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். மிதித்த உடனே பிடிக்கும், பேரிங் நல்ல பேரிங், முன்னால் போகிறவனுக்குப் பின்னால் ஆள் வருவது கேட்கும். மூன்றும் உண்மையான காரணங்கள்.

அதற்குப் பிறகுதான் அவர் என்னை முந்த ஆரம்பித்தார்.

முதல் தடவை முந்தியபோது "சாரிங்கண்ணா" என்று சொல்லிக்கொண்டே போனார். அடுத்த வாரம் அவர் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் போனார்கள். பிறகு டயருக்கு எவ்வளவு காற்று வைக்க வேண்டும் என்பதைக்கூட அவரிடம் கேட்கத் தொடங்கினார்கள். கடையில் உட்கார்ந்தால் அந்த கிர்ர் சத்தம் எனக்குக் கேட்டது. வீட்டில் மிக்ஸி ஓடினால் கேட்டது, மின்விசிறியில் கேட்டது. ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்து போய் வாசலைப் பார்ப்பேன். என் மனைவி சைத்ரா காதில் ஏதாவது பிரச்சினை இருக்குமோ என்று டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். காது நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர்.

அவர் என்னை ஒருநாளும் அவமதித்ததில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கோத்தகிரி டீக்கடையில் எல்லாரும் இருக்கும்போது அவர் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணா, நீங்க பைய வாங்க. அவசரமே வேண்டாமுங்க. நாங்க கீழ போயி உங்களுக்கு டீ சொல்லி வெக்கறமுங்க." அதில் ஒரு தப்பான வார்த்தை கிடையாது. பாசமாகத்தான் சொன்னார். அன்று கீழே நான் போய்ச் சேர்ந்தபோது டீ ஆடை கட்டி இருந்தது. வாங்கிக் குடித்தேன்.

பிறகு ஆயுத பூசை வந்தது. அதற்கு முன்னால் பிரேக்கை மாற்றிவிட வேண்டும் என்று கடைக்கு வந்தார். அதுவரை அவர் வண்டியில் இருந்தது சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்கிற ரப்பர் கட்டை. சக்கரத்தின் நடுவில் ஒரு வட்டத் தகட்டை மாட்டி அதைக் கட்டைகளால் கவ்விப் பிடிக்கிற டிஸ்க் பிரேக் அவருக்குப் புதிது. நான் சின்னத் தகட்டையும் மலிவான பிரேக்கையும் மாட்டி அனுப்பியிருக்கலாம். அது என் தொழிலுக்கு அழகில்லை. அவர் எடைக்கும் அந்த இறக்கத்துக்கும் எது பொருத்தமோ அதையே கொடுத்தேன். முன்னும் பின்னும் பெரிய தகடு, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் நல்ல பிரேக். உங்கள் ஆள் வந்து லீவரை அழுத்திப் பார்த்தபோது கல் மாதிரி இருந்ததல்லவா. என் வேலை அப்படித்தான் இருக்கும்.

பூசைக்கு என்னையும் அழைத்திருந்தார். லேத்துகளையெல்லாம் துடைத்து மாலை போட்டு, வரிசையின் கடைசியில் சைக்கிளை நிறுத்தியிருந்தார்கள். அவர் மனைவி லோகப்பிரியா ஒவ்வொரு எந்திரத்துக்கும் சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டு வந்தார். கிருபாசங்கரின் அம்மா ராசாத்தாள் ஓரமாக நின்று விளக்குக்கு நல்லெண்ணெய் ஊற்றித் திரியை நிமிண்டிக்கொண்டிருந்தார். கணவர் இறந்தபின் அந்த அம்மா பொட்டு வைக்கிற காரியம் எதிலும் கை வைப்பதில்லை. விரல்கள் எண்ணெயில் மினுமினுத்தன. நான் அந்த விரல்களைப் பார்த்தேன்.

"அம்மா, சைக்கிளுக்கு நீங்களே பொட்டு வைங்க" என்றேன்.

"அய்யோ, நானெல்லாம் வெக்கக்கூடாது கண்ணு."

"பெத்தவங்க கையவிட எந்தக் கைங்கம்மா ஒசத்தி? இந்தக் காலத்துல போயி இதையெல்லாம் பாத்துக்கிட்டு."

கிருபாசங்கருக்குக் கண் கலங்கியது. லோகப்பிரியா சந்தனக் கிண்ணத்தை மாமியார் கையில் கொடுத்தார். அந்த அம்மா சைக்கிள் முன்னால் குனிந்தார். "எங்க வெக்கறது கண்ணு?" என்று என்னைத்தான் கேட்டார்.

"அந்த வட்டத் தகடு பளபளன்னு இருக்குதுங்களே, அதுலங்கம்மா. ரெண்டு பக்கமும் நல்லாத் தேச்சு வைங்க."

வைத்தார். ஒன்று போதாது, சுற்றிலும் வையுங்கள் என்று நான் சக்கரத்தை மெல்லச் சுற்றிக் கொடுத்தேன். ஹப் டிக் டிக்கென்றது. பிறகு முன்சக்கரத்தையும் சுற்றிக் கொடுத்தேன். டிஸ்க் பிரேக் தகட்டில் விரல் ரேகைகூடப் படக்கூடாது சார். எண்ணெய் பட்டால் அது பிரேக் கட்டைக்குள் ஊறிவிடும், பிரேக் பிடிக்காமல் வழுக்கும். பிறகு வெறும் துணியால் துடைத்தாலும் போகாது. கடையில் தினமும் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். கிளம்பும்போது எனக்குப் பொரியும் கடலையும் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார்கள்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாள் என்று எல்லாரும் கிளம்பினோம். கிருபாசங்கர் பொட்டையெல்லாம் பனியன் துணியால் துடைத்து வைத்திருந்தார், தகடு கண்ணாடி மாதிரி இருந்தது. லோடு வண்டியில்தான் மேலே போனோம் என்பதால் அவர் அதுவரை ஓட்டிப் பார்க்கவில்லை. டீக்கடை முன்னால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்.

"வம்சிண்ணா, என்னமோ கத்துதுங்க. புடிக்கவும் மாட்டேங்குது."

"புதுக் கட்டைங்க கிருபா. நாலு வளைவு புடிச்சு எறங்குனாத் தானா படிஞ்சுக்கும்."

இது பொய் இல்லை. புதுக் கட்டை அப்படித்தான் படியும். அவர் வண்டியில் அது படியாது என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. "நீங்களே முன்னாடி போங்க" என்று வழி விட்டேன். மற்றவர்களை இன்னொரு டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன். அவர்களுக்கு எதுவும் ஆகக்கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன்.

ஒரு தடவை பயந்தால் போதும், ஒதுங்கி நின்று எனக்கு வழி விட்டால் போதும் என்றுதான் நினைத்தேன். அப்படித்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று வந்தேன். ஆனால் நான் பின்னாலேயே போனேன் சார். முதல் வளைவுகளில் அந்தச் சத்தம் கொஞ்சமாவது தணிந்தது. காலைத் தரையில் தேய்த்திருப்பார் போல. அப்போது "கிருபா, அப்படியே மண்மேட்டுப் பக்கம் சாஞ்சுருங்க" என்று கத்தியிருந்தால் அவர் கேட்டிருப்பார். நான் எதைச் சொன்னாலும் கேட்பவர். நான் கத்தவில்லை. அதன்பிறகு சத்தம் ஏறிக்கொண்டே போனது. வளைவு வருகிறது, இப்போது தணிய வேண்டும் என்று காத்திருந்தேன். தணியவில்லை. "அண்ணா" என்று ஒரு குரல் கேட்டது. பிறகு சத்தம் நின்றது. அந்த இடத்தில் தடுப்புச் சுவர் உடைந்து கிடந்தது உங்களுக்கே தெரியும்.

அவரை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு ஓட்டிக்கொண்டு வந்தேன். பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் முதல் ஆளாகக் கீழே வந்து சேர்ந்தேன்.

நீங்கள் விபத்து என்று கேஸை முடித்துவிட்டீர்கள். யாரும் என்னைத் தேடி வரவில்லை. நானாக வந்ததற்குக் காரணம் ராசாத்தாள் அம்மா. தாலியறுத்தவள் கை பட்டதால்தான் இப்படி ஆனது என்று சாவு வீட்டிலேயே பேசினார்கள். அந்த அம்மாவும் அதை நம்பிவிட்டார். இப்போது யார் வீட்டு விசேஷத்துக்கும் போவதில்லை, பேத்தி மதிவதனி ஓடி வந்தால்கூடக் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொள்கிறார். போன வாரம் போயிருந்தபோது எனக்கு ஆறுதல் சொன்னார். "நீ மருவாதி குடுத்துக் கூப்புட்ட கண்ணு, உம்மேல என்ன தப்பு? நாந்தான் பாவி, கைய வெச்சுப்போட்டேன்" என்றார். அதிலிருந்து மறுபடியும் அந்தச் சத்தம் கேட்கிறது. இதோ, உங்கள் மின்விசிறியிலும் கேட்கிறது.

இந்தக் காலத்தில் ஒரு பெண்ணை அப்படிப் பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை சார். எனக்கு மூடநம்பிக்கையே கிடையாது. அப்படிப் பேசினவர்களைக் கூப்பிட்டு நீங்களே சொல்லிவிடுங்கள். அந்தக் கையில் தோஷம் எதுவும் இல்லை. எண்ணெய் மட்டும்தான் இருந்தது.