ஒரு மெயிலுக்கு ஒரே ஒரு நட்சத்திரம்

இன்ஸ்பெக்டர் ஐயா, டீ நன்றாக இருந்தது. போட்ட ஏலக்காய்தான் கொஞ்சம் பழசு. வீட்டில் சொல்லி நாளைக்கு நல்ல பச்சைக் காயாகக் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் கேட்டபடி நடந்ததை என் கைப்படவே எழுதித் தருகிறேன்.

என் பெயர் பாண்டியராஜன். வீடு தேவாரத்தில், மலையடிவாரத் தோப்புகளுக்குப் போகிற பாதையோரம். ஏலத்தோட்டம் போடிமெட்டுக்கு மேலே. எங்கள் விவசாயிகளின் மெயில் குழுவுக்குப் பதினொரு வருடமாக நான்தான் அட்மின். மலைப்பக்கம் சிக்னல் நூலாகத்தான் வரும். படமும் போகாது, பேச்சும் போகாது; வெறும் எழுத்து மட்டும் எப்படியோ தவழ்ந்து போய்ச் சேர்ந்துவிடும். அதில் எழுத்தைத் தடிப்பாக்க முடியாது, சிவப்பாக்கவும் முடியாது. ஒரு சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டுமானால் அதன் இரண்டு பக்கமும் நட்சத்திரக் குறி போடுவோம்.

ஆரம்பத்தில் குழு சந்தைக்கடையாக இருந்தது. ராமர் தன் குடை தொலைந்ததற்கு வார்த்தைக்கு வார்த்தை நட்சத்திரம் போட்டார். ராம்பிரசாத் தமிழை ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடிப்பார். படிக்கும்போதே காது அடைக்கும். நான்தான் ஒழுங்கு கொண்டுவந்தேன். ஒரு மெயிலில் ஒரு சொல்லுக்குத்தான் நட்சத்திரம். எந்த மெயிலும் முதலில் எனக்கு வரும்; நான் விட்டால்தான் மற்றவர்களுக்குப் போகும். சிரித்தார்கள். ஆனால் போன வருட மழையில் கற்பகம் *அழுகல்* என்று ஒரே ஒரு சொல்லுக்கு நட்சத்திரம் போட்டு எழுதியபோது, அன்று மத்தியானமே நூற்று நாற்பது பேரும் மருந்தோடு தோட்டத்தில் இறங்கினார்கள். சரிவு முழுக்கக் காய் தப்பியது. எனக்கு அன்று உண்டான சந்தோஷத்தை மறைக்க மாட்டேன்.

மாரீஸ்வரன் மட்டும் திருந்தவே இல்லை. தங்கமான ஆள், கேட்டால் ஜீப்பையே தூக்கிக் கொடுப்பான்.

"மாமா, அவசரத்துல எவன் நட்சத்திரத்த எண்ணிக்கிட்டு இருப்பான்?" என்பான்.

"எண்ணணும் மாப்ளே. அதுதான் நாலு பேருக்குக் குடுக்குற மரியாத" என்பேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை ஆறு ஐந்துக்கு அவனிடமிருந்து மெயில் வந்தது. *ரெண்டு* *யானை* *கன்னையன்* *தோப்புல* *நிக்குது* *யாரும்* *வராதீங்க*. ஏழு சொல், ஏழுக்கும் நட்சத்திரம். பக்கத்துத் தோப்பில் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு அடித்திருக்கிறான். போன் பேச சிக்னல் கிடைக்கவில்லையாம். நான் பணிவாகவே திருப்பி அனுப்பினேன்: "அன்புள்ள மாரீஸ்வரன், இதில் எந்தச் சொல் முக்கியம் என்று முடிவு செய்து அனுப்பவும்."

ஆறு இருபதுக்கு நட்சத்திரங்களை எடுத்துவிட்டு எல்லாச் சொல்லுக்கும் இரண்டு பக்கமும் அடிக்கோட்டுக் குறி போட்டு அனுப்பினான். அடிக்கோடு மருந்துப் பெயர்களுக்கு மட்டும் என்று விதி ஏழில் இருக்கிறது. அதையும் திருப்பினேன். ஏழு பத்துக்கு மூன்றாவது வந்தது: "கன்னையன் தோப்பில் இரண்டு யானைகள் நிற்கின்றன. தயவுசெய்து யாரும் வர வேண்டாம்." ஒரு குறி இல்லை. அவ்வளவு அடக்கமாக அவன் எழுதி நான் பார்த்ததே இல்லை. உடனே குழுவுக்கு விட்டேன்.

அதற்குள் கன்னையன் மோட்டார் போடப் போய்விட்டான். யானை மிதித்த இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மறுநாள் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு தேனி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த நிலையிலும் சிரித்தான்.

"மெயிலு வந்துச்சுண்ணே. ஆம்புலன்ஸ்ல கெடந்துதான் படிச்சேன். மாரீசு பய எம்புட்டு மரியாதையா எழுதியிருக்கான்!"

எனக்கு மனம் நிறைந்துவிட்டது. அவனைப் போன்ற உறுப்பினர்களால்தான் குழு நிற்கிறது.

அவசரம் புரியாமல் திருப்பிவிட்டேன் என்று எழுதினால் எனக்கு நல்லது என்றீர்கள். உங்கள் நல்ல மனசுக்கு நன்றி. ஆனால் அது பொய், ஐயா. முதல் மெயிலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. யானைக்கு ஒருமுறை விட்டுக்கொடுத்தால் அடுத்த வாரம் நாய் குரைத்ததற்கும் ஏழு நட்சத்திரம் வரும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆறரைக்குக் கன்னையன் என் வாசலில்தான் மொபெட்டை நிறுத்தினான். நான் போனோடு நின்றிருந்தேன்.

"என்னண்ணே, காலங்காத்தால குழு சோலியா?"

"ஆமாப்பா" என்றேன்.

"சரி, நான் வெரசா போயி மோட்டாரப் போட்டுட்டு வர்றேன்" என்று கிளம்பினான். "போயிட்டு வா" என்றேன்.

யானை என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல நேரம் இருந்தது. ஆனால் திருத்தி வராத மெயிலில் இருக்கிற விஷயத்தை ஒருவருக்கு மட்டும் முன்கூட்டிச் சொல்வது, மற்ற நூற்று முப்பத்தொன்பது பேருக்கும் செய்கிற அநியாயம் இல்லையா, ஐயா?