மீசை போன அன்னைக்கு விருந்து

சொரிமுத்து: பிளேடு டப்பாவை எங்க வச்சே?

பேராச்சி: எந்த டப்பா?

சொரிமுத்து: ஏளா, கண்ணாடிக்குப் பக்கத்துல இருந்துச்சே... பச்சைத் தகர டப்பா. மிஷினும் பிளேடுமா.

பேராச்சி: எலி தூக்கிட்டுப் போயிருக்கும்.

சொரிமுத்து: எலி சவரம் பண்ணுதாக்கும்?

பேராச்சி: தாராவி எலி எல்லாம் பண்ணும். ஒம்பது மாசம் ஜப்பான்ல இருந்துட்டு வந்ததுல ஒங்களுக்குத்தான் மறந்துபோச்சு.

சொரிமுத்து: வெளையாடாத. பதினோரு மணிக்குள்ள வி.டி. போயி ரயிலுக்கு டிக்கெட் எடுக்கணும். வியாழக்கிழமை ஊருக்குக் கெளம்புதேன்.

பேராச்சி: போங்க. யாரு வேண்டாங்கா? மீசை மொளைச்ச பொறவு போங்க.

சொரிமுத்து: அது மொளைக்கிறப்ப மொளைக்கட்டும்.

பேராச்சி: தெனமும் சிரைச்சா எங்கன இருந்து மொளைக்கும்? கப்பலை விட்டு எறங்கி மூணு நாளாச்சு, மூணு நாளும் சிரைச்சாச்சு. அன்னைக்கு பாலார்ட் பியர் கப்பல்துறையில, ஒங்ககூட வந்த பூதத்தான் அண்ணனை மீசையை வச்சு அடையாளம் கண்டுட்டேன். பக்கத்துல யாரோ ஒரு ஆளு என்னையப் பாத்துப் பல்லைக் காட்டிட்டு வாரான். சவத்த மூதி, யாரு பெத்த பிள்ளையோன்னு முந்தானையை இழுத்துப் போத்தினேன்...

சொரிமுத்து: கட்டின புருசனைப் பாத்துப் போத்தினவ பம்பாயில நீ ஒருத்திதான்.

பேராச்சி: மேலுதடு அவிச்ச கெழங்கு கணக்கா இருந்தா என்ன செய்ய? தலையும் முள்ளு முள்ளா...

சொரிமுத்து: தலை, மிஷின்ல மாட்டிக்கிடும்னு ஒட்ட வெட்டுனது.

பேராச்சி: மீசையும் மிஷின்ல மாட்டுமோ?

சொரிமுத்து: சிரிக்காத. அங்க உள்ள சுத்தம் ஒனக்குத் தெரியாது. நாம இங்க தோல் கெடங்கு நாத்தத்துக்குள்ள படுத்து எந்திரிக்கோம். அவிய நம்ம தேங்கா எண்ணெய் வாடைக்கே சன்னலைத் தெறக்காக.

பேராச்சி: தேங்கா எண்ணெய் நாறுதாமா? பச்சை மீனைத் திங்கிற பயலுவளுக்கு?

சொரிமுத்து: நாறுதுன்னு வாயால சொல்ல மாட்டாக. அதுதான் பெரிய தண்டனை. ஹாஸ்டலைப் பாத்துக்கிடுற அம்மா ஒண்ணு உண்டு, நம்ம வயசுதான். தெனமும் என் தலையணை உறையைத் தொவைச்சுப் போட்டுச்சு. ஒரு வாரம் கழிச்சு, உறைக்கு மேல பேப்பரை விரிச்சு வச்சுச்சு. அதுக்கு அடுத்த வாரம் பேப்பருக்கு மேல ஒரு துண்டு. ஒரு வார்த்தை பேசல. பொறவு நானே எண்ணெய்ப் பாட்டிலைப் பெட்டிக்கு அடியில போட்டுட்டேன்.

பேராச்சி: நான் காய்ச்சிக் குடுத்து விட்ட எண்ணெய்யா? மருதாணி எல்லாம் போட்டு...

சொரிமுத்து: அதே எண்ணெய்தான். காலையில நாக்கு வழிச்ச கதையைக் கேளு. நானும் பூதத்தானும் விடிய அஞ்சு மணிக்கு எந்திரிச்சு நாக்கு வழிச்சு, தொண்டையை நல்லாக் காறி... நம்ம வீட்டு மோரியில, தண்ணி கழுவுற எடத்துல நிக்கிற நெனைப்புல சத்தமாத்தான். கதவைத் தெறந்தா வெளிய ஆறு பேரு நிக்கான். ஒருத்தன் கையில வாளி, ஒருத்தன் கையில மாத்திரை. எங்க ரெண்டு பேருக்கும் கொடலு வெளிய வந்துட்டுன்னு நெனைச்சிருக்கானுவ.

பேராச்சி: ஐயோ... போதும்... வயிறு வலிக்கி...

சொரிமுத்து: தெருவுல துப்ப மாட்டான், மூக்கைச் சிந்த மாட்டான். உள்ளயே உறிஞ்சிக்கிட்டு இருப்பான். அது தப்பில்லையாம். நாம சிந்துனா தப்பாம்.

பேராச்சி: இதுல எது சுத்தம்?

சொரிமுத்து: நானும் அதைத்தான் கேட்டேன். குளிக்கிற எடத்துக்குப் போனதுக்கு அப்புறம் கேக்கிறதை நிப்பாட்டிட்டேன்.

பேராச்சி: அங்க என்ன?

சொரிமுத்து: வேண்டாம்.

பேராச்சி: சொல்லுங்கங்கேன்.

சொரிமுத்து: ஊருக்குப் பொதுவா ஒரு குளியல் கொட்டகை. உள்ள பெரிய தொட்டி, ஆளு எறங்குற ஆழம், ஆவி பறக்கிற தண்ணி. எல்லாரும் பொறந்த மேனிக்கு...

பேராச்சி: ஆம்பளையளா?

சொரிமுத்து: ஆம்பளைக்கு ஒரு பக்கம், பொம்பளைக்கு ஒரு பக்கம். நான் கோமணத்தை அவுக்கல. கையில சோப்பு. நம்ம ஊருக் கொளத்துல எறங்குற மாதிரி தடதடன்னு எறங்கி, நெஞ்சு வரைக்கும் நுரை போட்டுத் தேச்சு, ரெண்டு முங்கு முங்கி எந்திரிச்சேன். தொட்டியில என்னையத் தவிர ஒருத்தனும் இல்ல. ஒருத்தன் பின்னால ஒருத்தனா எந்திரிச்சுப் போயிட்டான். அந்தத் தொட்டியில ஊறத்தான் செய்யணுமாம். அழுக்கை எல்லாம் வெளிய முக்காலி போட்டு உக்காந்து தேச்சுக் கழுவிட்டுத்தான் எறங்கணும்.

பேராச்சி: ஏசினானா?

சொரிமுத்து: ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும். அந்தக் கொட்டகைக்காரரு வந்து எனக்கு ஒரு கும்பிடு போட்டாரு. தொட்டித் தண்ணி அம்புட்டையும் தெறந்து விட்டாரு. அது வடியிற வரைக்கும் நான் கோமணத்தோட ஓரத்துல நின்னேன். அன்னைக்கு, என்ன ஆனாலும் சரி, இவிய பழக்கத்தைக் கத்துக்கிடணும்னு முடிவு பண்ணுனேன்.

பேராச்சி: அதான் மீசையை எடுத்தியளோ?

சொரிமுத்து: ம்... அங்க மேஸ்திரி ஒருத்தர், ஒக்காதான்னு பேரு. அவரும் வாயால சொன்னதில்ல. என் மீசையப் பாப்பாரு, தன் மேலுதட்டைத் தடவுவாரு, சிரிப்பாரு. ஆறு மாசமா இதே வேலை. அங்க பட்டறையில ஒருத்தனுக்கும் மீசை கெடையாது. சலூன்ல நெத்தி, காது மடலு எல்லாம் சிரைக்கான். பொம்பளைக்கும் மூஞ்சி சிரைக்காக.

பேராச்சி: பொய்யி.

சொரிமுத்து: ஒங்க அப்பா மேல சத்தியமா. கடைசியில ஒருநா நான் மீசையும் இல்லாம, தலையும் ஒட்ட எடுத்துட்டுப் போயி நின்னேன். ஒக்காதா கையைத் தட்டினாரு. பட்டறையே கையைத் தட்டுச்சு. ஹாஸ்டல் அம்மா அன்னைக்குச் செவப்புப் பயறு போட்டுச் சோறு பொங்குச்சு, நம்ம தட்டாம்பயறு மாதிரி. வீட்டுல நல்ல காரியம் நடந்தாத்தான் அதைப் பொங்குவாகளாம். இந்தப் பச்சை டப்பா, ஒக்காதா அன்னைக்கு எனக்குக் குடுத்த பரிசு.

பேராச்சி: மீசை போனதுக்கு விருந்தா? நம்ம ஊருன்னா அப்பன் ஆத்தா... சரி விடுங்க. பூதத்தான் அண்ணன் மீசையோடதானே வந்திருக்காரு. அவரும் அதே பட்டறைதானே?

சொரிமுத்து: அவன் வீம்புக்காரன்.

பேராச்சி: நீங்க என்ன அடங்குன ஆளா? எங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தப்ப, மீசையைக் கொஞ்சம் கொறைங்கன்னு எங்க சித்தப்பா சொன்னதுக்குப் பந்தியை விட்டு எந்திரிச்ச மனுசன்...

ஆறுமுகத்தாய்: பேராச்சி, கொழாயில தண்ணி வந்துட்டு. சீக்கிரம் வா, அந்த மராட்டிக்காரி நாலு கொடம் போட்டுட்டா.

சொரிமுத்து: நான் போறேன் மதினி. ஏளா, அந்தக் கொடத்தை இங்க குடு.

ஆறுமுகத்தாய்: பார்றா. எங்க வீட்டு ஆளும்தான் ஜப்பான் போனாரு. வந்த நேரத்துல இருந்து கட்டிலை விட்டு எறங்கல. தம்பிக்காவது ஒரு நல்ல புத்தி வந்திருக்கு.

சொரிமுத்து: வர்றதுக்குள்ள டப்பாவைத் தேடி வையி பேராச்சி.

ஆறுமுகத்தாய்: ...போயிட்டாரா?

பேராச்சி: போயிட்டாரு.

ஆறுமுகத்தாய்: சொல்லிட்டியா?

பேராச்சி: இல்லக்கா.

ஆறுமுகத்தாய்: மூணு நாளா என்னத்தப் பண்ணுதே? வியாழக்கிழமை ரயில் ஏறுறாராமே. வாசல்ல போயி நின்னு "அய்யா"ன்னு கூப்பிட்ட பொறவு தெரியணுமா?

பேராச்சி: வாய் வரமாட்டேங்கு. அந்த மொட்டை ஒதட்டைப் பாத்தியளாக்கா? அப்பன் செத்தது தெரியாமலே, அப்பன் செத்த கோலத்துல வந்து நிக்காரேக்கா. காணச் சகிக்காமத்தான் பிளேடை ஒளிச்சு வச்சேன். நாலு மயிரு மொளைக்கட்டும், பொறவு சொல்லிக்கிடலாம்னு...

ஆறுமுகத்தாய்: நீ என்ன வேணும்னா சேதியை மறைச்சே?

பேராச்சி: வேணும்னுதான் செஞ்சேன். மாசி மாசம் தந்தி வந்தப்பவே கொழுந்தன் பூலோகம் கேட்டான், அண்ணனுக்கு அடிக்கட்டுமான்னு. அடிக்கக் கூடாதுன்னு நான்தான் மறுதந்தி குடுத்தேன். தொழில் படிப்பைப் பாதியில விட்டுட்டு வந்தா, அங்க அனுப்பி வச்ச அம்பர்நாத் கம்பெனியில வேலை கெடையாதுன்னு எழுதி வாங்கியிருக்கான். இவரு கேட்டிருந்தா அன்னைக்கே கப்பலைத் தேடி ஓடியாந்திருப்பாரு.

ஆறுமுகத்தாய்: கப்பல்ல வந்து சேர இருபது நாளு. பொணம் காத்துக் கெடக்குமா? தம்பிக்காரன் கொள்ளி வச்சான், முடிஞ்சு போச்சு.

பேராச்சி: மூத்த மகன் அவருல்லாக்கா. கொள்ளிதான் குடுத்து வைக்கல, ஒரு பாட்டம் அழவாவது விட்டிருக்கலாம். பாகிஸ்தான் சண்டை நேரத்துல சன்னலுக்குக் கறுப்புத் தாளு ஒட்டி இருட்டுக்குள்ள தனியாக் கெடந்தேன். அப்பக்கூட நான் இப்படிப் பயந்ததில்ல. இனி என் மூஞ்சியில முழிப்பாரா?

ஆறுமுகத்தாய்: யாரும் சொல்லதுக்கு முன்னால நீ சொல்லு. நான் மூச்சு விடல. எங்க வீட்டு ஆளுக்குப் போட்ட கடுதாசியிலகூட அதைப் பத்தி ஒரு எழுத்து எழுதல, பாத்துக்கோ. வாராரு... நான் கெளம்புதேன்.

சொரிமுத்து: மதினி ஏன் என்னையக் கண்டதும் ஓடுதாக? இந்தா, ரெண்டு கொடம். அந்த மராட்டியம்மா என் மூஞ்சியப் பாத்துட்டு வரிசையில முன்னால விட்டுட்டா.

பேராச்சி: அங்கன வையிங்க.

சொரிமுத்து: என்ன, மூஞ்சி வாடிக் கெடக்கு? டப்பா கெடைச்சுதா?

பேராச்சி: அரிசிப் பானைக்குள்ள இருக்கு.

சொரிமுத்து: எலி நல்ல எடமாத்தான் பாத்திருக்கு.

பேராச்சி: எடுத்துச் சிரைச்சுக்கிடுங்க. நான் தடுக்கல. தடுக்க எனக்கு யோக்கியதை இல்ல.

சொரிமுத்து: ஏளா... என்ன இது?

பேராச்சி: நீங்க சிரைக்க வேண்டிய மனுசருதான் அத்தான். மாசி மாசமே சிரைச்சிருக்கணும். மாமா... மாமா போயிட்டாரு. வயக்காட்டுக்குப் போயிட்டு வந்து தண்ணி கேட்டிருக்காரு. கொண்டு வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சாம். நான்தான் ஒங்களுக்கு எழுத விடல. பூலோகம் மேல குத்தமில்ல. அடிக்கிறதுன்னா என்னைய அடிங்க.

சொரிமுத்து: இதைச் சொல்லத்தான் மூணு நாளா பானையையும் சட்டியையும் உருட்டிக்கிட்டு கெடந்தியா?

பேராச்சி: அத்தான்...

சொரிமுத்து: உக்காரு. எனக்குத் தெரியும்.

பேராச்சி: தெரியுமா... எப்பத்துல இருந்து?

சொரிமுத்து: மாசிக் கடைசியில இருந்து.

பேராச்சி: ஆறுமுகத்தாய் அக்கா எழுதிட்டாளா?

சொரிமுத்து: மதினி பூதத்தானுக்கு ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தாக. நான் கேட்ட பொறவுதான் அவன் எடுத்துக் காட்டுனான். ஆனா அவிய எழுதித் தெரியல. ஒன் கடுதாசியிலதான் தெரிஞ்சுது.

பேராச்சி: நான் எங்க எழுதினேன்? மாமா சொகமா இருக்காருன்னுதானே பக்கத்து வீட்டு சுயம்பு அண்ணன்ட்ட சொல்லி எழுதச் சொன்னேன்.

சொரிமுத்து: ஒம்பது வருசமா எங்க அய்யாவை நீ ஏசாத நாளு உண்டா? ஜப்பானுக்குப் போட்ட கடுதாசியிலயும் அதேதான். கெழவனுக்கு நாக்கு நீளம், கருவாடு இல்லாம சோறு எறங்காது, ஊரு வம்பு பூரா அந்த வாயிலதான்னு... சுயம்பு கூச்சப்பட்டு அடிச்சு அடிச்சு எழுதியிருப்பான். மாசியில வந்ததுல மட்டும், "மாமா சொகம். தங்கமான மனுசர். அவரு மாதிரி ஒருத்தரு இனிமேப் பொறந்து வரணும்"னு எழுதியிருந்தே. உசுரோட இருக்கிற மாமனாரைப் பேராச்சி அப்படிச் சொல்ல மாட்டாளே. படிச்சு முடிச்சுட்டுப் பூதத்தான்ட்ட போனேன். அங்க இருந்து நேரா சலூனுக்குப் போனேன்.

பேராச்சி: அப்ப இந்த மீசை... தலை...

சொரிமுத்து: கொள்ளிதான் வைக்கல. அதையாவது செய்யணும்ல. ஆத்துல போயி ஒரு முங்கு முங்குற வரைக்கும் மொளைக்க விடக் கூடாதுன்னு நானே வச்சுக்கிட்டேன்.

பேராச்சி: தெரிஞ்சுமா இந்த மூணு நாளா வாயைத் தெறக்கல?

சொரிமுத்து: நீ இம்புட்டுப் பாடுபட்டு மறைச்சதை நான் எதுக்குக் கெடுக்கணும்? நீ எழுதியிருந்தா நான் வந்திருப்பேன், வேலையும் போயிருக்கும். நீ செஞ்சது சரிதான். அழாத... இனி ஒரு டிக்கெட் இல்ல, ரெண்டா எடுக்கணும். நீயும் வா.

பேராச்சி: அந்தச் சோறு... கையைத் தட்டி, செவப்புப் பயறு போட்டுப் பொங்குனாகளே, அதைத் தின்னியளா?

சொரிமுத்து: தின்னேன். என்னன்னு அவியளுக்குச் சொல்ல எனக்குப் பாஷை இல்ல. அய்யாவுக்குப் பதினாறாம் நாள் சோறுன்னு நெனைச்சு, ஒரு பிடியைச் சன்னல் திண்டுல வச்சுட்டுத் தின்னேன். அங்கயும் காக்கா இருக்கு பேராச்சி... நம்ம காக்காயை விடப் பெருசு. வந்து எடுத்துச்சு.