கடல்மதிலில் வைத்த விளக்கு

அன்புள்ள அண்ணிக்கு,

அன்று யார் யார் இருந்தோம், எங்கே உட்கார்ந்தோம் என்று முதலில் எழுதிவிடுகிறேன். ஒழுங்காகச் சொன்னால்தான் எனக்கு வரும். அப்பாவின் நாற்காலியில் அண்ணன் தோமாஸ். அவருக்கு வலப்பக்கம் பாதிரியார் கிரிலோஸ். அடுப்பை ஒட்டி நீங்கள், அவித்த கோதுமையில் மாதுளை உதிர்த்துக்கொண்டு. வாசலோரம் நான்.

"அங்கயே உட்காருடா. உன் ஜெனோவா எசமான் கூப்பிட்டா பாதிச் சாப்பாட்டுல ஓடணும்ல?" என்றார் அண்ணன். பாதிரியார் சிரித்ததில் வாயிலிருந்த கோதுமை சிதறியது.

"சாப்பிடுற நேரத்துலயாவது தம்பியைச் சும்மா விடுங்களேன்" என்றீர்கள் நீங்கள். நான் கோபப்படவில்லை.

சென்ற ஆண்டு அப்பாவின் நினைவு நாள் அது. கடல் கொண்டுபோனவருக்குக் கல்லறை ஏது? அந்தி சாய்கையில் மூத்த மகன் கடல்மதிலில் விளக்கு வைக்க வேண்டும். நம் துறைமுக ஊரான ஃபமகுஸ்தாவைப் பிடித்துக்கொண்ட ஜெனோவாவோ ஆண்டுதோறும் புதிய கோட்டைத் தலைவரை அனுப்புகிறது. நிக்கோசியாவிலிருந்து நம் அரசர் எப்போது ஊரைத் திரும்பப் பிடிக்க வருவாரோ என்று அஞ்சி, மதில்மேல் ஒரு பொறி தெரிந்தாலும் கடலுக்குச் சைகை என்று வாளை உருவுகிறவர்கள் அவர்கள். ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே போய் விளக்கைப் பற்றி விளக்கி அனுமதி வாங்குவது மொழிபெயர்ப்பாளனான என் வேலை. ஒருவர் சிரிப்பார். இன்னொருவர் சிலுவை போட்டுக்கொள்வார். அடுத்த ஆண்டு மறுபடி முதலிலிருந்து.

"புதுத் தலைவர்கிட்ட சொல்லிட்டியாடா? உன் நாக்கை நம்பித்தான் என் கழுத்து இருக்கு" என்றார் அண்ணன்.

"சொல்லியாச்சு" என்றேன்.

சொல்லவில்லை. களைப்பாக இருந்தது, அண்ணி. வேறொன்றுமில்லை.

அந்தியில் மதிலில் விளக்கோடு அண்ணனைக் காவலர்கள் பிடித்ததும், மொழிபெயர்க்க என்னை அழைத்தார்கள். "இவன் கடலுக்கு வெளிச்சம் காட்டுறது வழக்கமா?" என்று தலைவர் கேட்டார்.

"ஆமாங்க. வருஷா வருஷம் இதே நாள்தான்."

"யார் அனுமதியில?"

"இந்த வருஷம் யாரும் கொடுக்கலைங்க."

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. "நம்ம அப்பாவுக்குன்னு சொல்லுடா!" என்று அண்ணன் கத்தினார். என்ன சொல்கிறான் என்று தலைவர் கேட்டார். "உயிருக்குக் கெஞ்சுறாருங்க" என்றேன். அதுவும் உண்மைதானே.

கடல்வாசலில் தூக்கிலிட்டு உடலை அலையில் தள்ளியதை நீங்களே பார்த்தீர்கள். இப்போது அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். வாசலோரம் காற்று அதிகம்.

மகன் இல்லாததால் அண்ணனுக்கு நீங்களே வந்து விளக்கு வைப்பதாக உங்கள் தாய்வீட்டிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். இந்த ஆண்டுத் தலைவரிடம் நான் முன்பே சொல்லிவைக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நடந்ததை அறிந்தால் உங்கள் மனம் ஆறும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன். தாராளமாக வாருங்கள். மதிலில் குளிரும், கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள்.

அரக்கு உருகிவிட்டது. முத்திரையிட்டு, வாசலில் நிற்கும் கழுதைக்காரனிடம் கொடுத்துவிடுகிறேன். விளக்கைப் பற்றிச் சொல்லத் தலைவர் மாளிகைவரை நடக்க இன்று தெம்பில்லை. நாளைக்குப் பார்க்கலாம்.