அவன் மூஞ்சியத் திருப்பிக்கினு கட்டுப் போட்ட எடம்

இல்லீங்க மேடம், பேய்ப் படம்னு சொல்ல முடியாதுங்க. எங்க ஊட்டுக்காரரு உங்ககிட்ட அப்படித்தான் சொல்லியிருப்பாரு. ரத்தம் குடிக்கிற படத்தப் பாத்துட்டு வந்து புள்ளைக்குப் புத்தி கெட்டுப்போச்சு, எவனோ ஒருத்தன் பின்னாடி இருக்கான்னு. அவரு முன்னாடி ரூம்ல கத்துனது இங்க வரைக்கும் கேட்டுச்சே. நீங்க உக்காருங்க. அடுப்புப் பொகை வருது, கொஞ்சம் இந்தப் பக்கமா தள்ளிக்கோங்க. டீ வேணாம்னா வேணாம், நான் சும்மா பாத்திரத்த உருட்டிக்கினு இருக்கறேன். சத்தம் இருந்தாத்தான் நாம பேசறது அந்தப் பக்கம் கேக்காது.

அந்தப் படத்துக்கு அவளக் கூட்டிக்கினு போனதே நாந்தாங்க.

மொதல்ல அது கதப் புஸ்தகமுங்க. எம்பொண்ணு சுஜாதாவோட இங்கிலீஷ் டீச்சரு படிக்கக் குடுத்தது. பதினொண்ணாவது படிக்கறா இல்லீங்களா, கெலமங்கலத்துல. தலகாணி கணக்கா இருக்கும். சாயங்காலம் தோட்டத்துல பீன்ஸ் பறிக்கறப்ப எனக்குக் கத சொல்லுவா. எங்கியோ பனி கொட்டற ஊராம். அங்க ஒரு பையன். பாத்தா பள்ளிக்கூடத்துப் பையன், ஆனா எத்தினியோ காலமா சாவாமயே இருக்கறவன். மனுச ரத்தந்தான் அவனுக்குச் சோறு. கூடப் படிக்கிற பொண்ணு மேல ஆசப்பட்டுர்றான். ஏன்டி, அப்ப அவளக் கடிச்சுப்புடுவானான்னு கேட்டேன். அதாம்மா கதையே, அங்கதான் இருக்குதுன்னு சிரிச்சா. ஒரு பாத்தி முடிஞ்சாலும் நான் எந்திரிக்க மாட்டேன், அப்பறம் என்னாச்சு சொல்லுடீன்னு உக்காந்துக்குவேன்.

அதே கத தமிழ்ல பேசி ஒசூருக்குப் படமா வந்துச்சுங்க. ரோஜாக் கம்பெனியில லீவு சொல்லிட்டுப் போனேன். ஆமாங்க, பாலிஹவுஸ்ல, அந்தப் பிளாஸ்டிக் கொட்டாயில, பூ வெட்டற வேல. ஊட்ல, கண் டாக்டர்கிட்ட போறோம்னு சொல்லிக்கினோம்.

ஐயோ, என்னா சிரிப்பு தெரியுங்களா! வெள்ளக்காரப் பசங்க எல்லாம் மெட்ராஸ்காரங்க மாதிரி பேசுதுங்க. இவ என் காதுகிட்டயே இருந்துக்கினு, அம்மா புஸ்தகத்துல இப்பிடி இல்ல, இந்த எடத்துல நெறைய வுட்டுட்டாங்கன்னு புலம்பறா. பேசாம பாருடின்னு கிள்ளி வெச்சேன். எனக்கு அவ்வளவு புடிச்சிருந்துச்சுங்க மேடம். தியேட்டருக்குப் போயி எத்தினியோ வருசமாச்சு.

ஒரு எடம் வருது. அந்தப் பொண்ணு பனியில வழுக்கி உழுந்து முட்டியில ரத்தம் வந்துருது. சுத்தி ஒரு ஈ காக்கா இல்ல. அவனுக்கு அது சோறுங்க, நெனச்சுப் பாருங்க. அவன் மூஞ்சிய அந்தாண்ட திருப்பிக்கினான். திருப்பிக்கினே கர்ச்சீப்ப எடுத்து அவ காலுக்குக் கட்டுப் போடறான். கட்டி முடிச்சிட்டு, நீ ஊட்டுக்குப் போ, திரும்பிப் பாக்காம போங்கறான். தியேட்டரே விசிலு. எனக்கு மட்டும் கண்ணுல தண்ணி நிக்கவே மாட்டேங்குது. சுஜாதா, ஏம்மா அழுவறேன்னு கேக்கறா. என்னான்னு சொல்றது?

எனக்குக் கண்ணாலம் ஆவறப்ப பதினஞ்சு வயசுங்க. பயமா இருக்குதான்னு ஒருத்தரும் கேக்கல.

அதோட போயிருந்தாப் பரவால்ல. எங்க நாத்தனா மாரம்மா ஊட்டுக்குப் பக்கத்துல இருக்கற பொம்பள எங்கள தியேட்டர்ல பாத்துருச்சு. நாங்க பஸ்ஸு ஏறி ஊடு வர்றதுக்குள்ள இங்க சேதி வந்துருச்சு. அவரு புஸ்தகத்தத் தேடி எடுத்தாரு. அட்டையில பொண்ணும் பையனும் நெத்தியோட நெத்தி வெச்சிக்கினு நிக்கிற படம். அது போதுங்களே. இந்தப் பொண்ண இனிமே ஊட்ல வெச்சிக்க முடியாதுன்னாரு. மறு வாரமே நாத்தனா மவன் ஹரீஷ்குமாருக்குன்னு கண்ணாலம் பேசி முடிச்சிட்டாங்க. என்னய ஒரு வார்த்த கேக்கல.

ஹரீஷு கெட்டவன் இல்லீங்க. சிப்காட்ல கம்பெனி வேல, குடிக்க மாட்டான். அதனாலதான் அவன்கிட்டயே கேட்டுப் பாக்கலாம்னு தோணுச்சு. போன ஞாயித்துக்கெழம வந்தான். சோறு போட்டுக்கினே சொன்னேன், ராசா, அவ ப்ளஸ் டூ முடிச்சிரட்டும், நீ பொறுத்துக்கறேன்னு ஒரு வார்த்த சொன்னா உங்க மாமா கேப்பாரு, நான் சொன்னா கேக்க மாட்டாருன்னு. அவன் சிரிச்சான். அத்த, எனக்கு முப்பது ஆவப் போவுது, இன்னும் எவ்ளோ காலம்தான் பொறுக்கறது, படிக்கணும்னா அங்க வந்து படிக்கட்டும்னான். ரசம் கேட்டான். ஊத்தினேன். இவ கதவுக்குப் பின்னாடி நின்னுக்கினு எல்லாத்தியும் கேட்டுக்கினு இருந்துருக்கா. நான் திரும்பறப்ப பாத்தேன். அழுவல. மூஞ்சி மட்டும் அப்பிடியே சுண்ணாம்பு அடிச்சாப்புல இருந்துச்சு.

அதுக்கப்பறம் அவ எனக்குக் கத சொல்றதில்லீங்க. தோட்டத்துக்கு வர்றா, பறிக்கறா, போறா. நானும் கேக்கல. எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கேக்கறது?

என்னாங்க? அவ கன்னமா? ஆமாங்க, இன்னிக்குத்தான். கண்ணாலத்த நிறுத்தச் சொல்லி உங்க ஆபீசுக்கு யாரோ ஃபோன் பண்ணியிருக்காங்கன்னு தலையாரி வந்து சொன்னாரு, நீங்க வர்றதுக்குச் செத்த முன்னாடி. எங்க ஊட்டுக்காரருக்குச் சந்தேகமே இல்ல. படிச்ச கழுத, நீதான்டி பண்ணியிருப்பேன்னு முடியப் புடிச்சு இழுத்து அடிச்சாரு. எவன் சொல்லிக் குடுத்தான், பேரச் சொல்லுன்னு மறுபடி அடிச்சாரு. நாத்தனா அங்கியே உக்காந்துக்கினு, நல்லா கேளு, நல்லா கேளுங்கறா. இவ ஒண்ணியும் பேசல மேடம். ஆமாம்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. அவரு தோளுக்கு அந்தாண்ட நான் நின்னுக்கினு இருந்தேன். என்னயே பாத்துக்கினு அடி வாங்குனா. கண்ணாலயே, நீ வாயத் தொறக்காதங்கற மாதிரி. புள்ளைக்குப் புரிஞ்சிருக்குதுங்க.

அதனால உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க. பையனெல்லாம் யாரும் இல்ல. அவ யாருக்கும் ஃபோன் பண்ணல. பண்ணது நாந்தான். பள்ளிக்கூடத்துச் செவுத்துல புள்ளைங்க ஒதவிக்குன்னு எழுதியிருக்கற நம்பருக்கு, கம்பெனி கேட்டுக்கு எதுத்தாப்புல பெட்டிக்கடையில இருந்து. யாரு பேசறதுன்னு கேட்டாங்க, பயத்துல வெச்சிட்டேன். இப்ப எழுதிக்கோங்க. வெள்ளையம்மா. முன்னாடி ரூம்ல போயி எல்லார் எதிர்லயும் நானே சொல்லிர்றேன், நீங்க பக்கத்துல மட்டும் நில்லுங்க. அவ இனிமே எனக்காக அடி வாங்க வேணாம்.

அவள எங்கியோ ஆஸ்டல்ல சேப்பீங்கன்னு சொன்னாங்களே, நெசந்தானுங்களா? பள்ளிக்கூடம் போவ வுடுவாங்க இல்ல? சரிங்க. துணி இந்தப் பையில எடுத்து வெச்சிருக்கறேன். மேல இருக்கறது அவளுது. அடியில இருக்கற ரெண்டு பொடவ என்னுதுங்க.

உங்க வண்டியில இன்னொருத்தருக்கு எடம் இருக்குங்களா, மேடம்?